மூணு ஊசிக்கு நிக்கலன்னா ஜீன் கோளாறாம்!

மூன்று முறை சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டும் சினை நிற்காத பசுவை விற்றுவிடச் சொல்லும் அந்தக் காணொளியைப் பற்றித்தான். நம்ம பக்கத்து மாட்டுக்காரர் குழுக்கள் எல்லாவற்றிலும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது, இங்கே திரும்ப ஒட்டவில்லை. பார்க்காதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். "மூணு ஊசி போட்டும் நிக்கலையா, அந்த மாட்டுக்குக் கருப்பை ஜீனே சரியில்ல, மேலப்பாளையம் சந்தைக்கு ஓட்டிருங்க" என்று மைக்கைப் பிடித்தவர் முடிக்க, ஒரே கைதட்டல். கீழே மரியாதையாகத்தான் கேட்டேன்: அண்ணாச்சி, எந்த ஆய்வு, எந்த மாடு? "படிச்ச திமிரு" என்று பதில் வந்தது. கொஞ்ச நேரத்தில் என் கேள்வியையே காணோம். சரி, அது அவர் பக்கம். இது என் பக்கம்.

சொல்ல வந்தது ஒன்றுதான். மூன்று ஊசியை வைத்து எந்தப் பசுவின் மரபணுவையும் படிக்க முடியாது.

கணக்கே போட்டுப் பார்ப்போம். கலப்பினப் பசுவில் ஒரு ஊசிக்கு 40 சதவீதம் சினை பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், தாராளமான கணக்குதான். ஒருமுறை தவற வாய்ப்பு 0.6. தொடர்ந்து மூன்று முறை தவற 0.6 × 0.6 × 0.6, அதாவது 0.216. ஒரு குறையும் இல்லாத 100 பசுவில் 21, 22 பசு மூன்று ஊசிக்கும் நிற்காது. வெறும் அதிர்ஷ்டக் கணக்கு இது. அத்தனையையும் சந்தைக்கு ஓட்டச் சொல்கிறார் அந்தப் பெரியவர். மூன்று முறை தவறினால் கால்நடை மருத்துவர் மாட்டைப் பரிசோதிக்க ஆரம்பிப்பார். தீர்ப்பு எழுத மாட்டார்.

கருப்பை தயாராவது என்றால் என்னவென்று அந்த மேடையில் ஒருத்தராவது சொன்னாரா? விந்தும் முட்டையும் சேர்வது கருக்குழாயில். நாலைந்து நாள் கழித்துத்தான் கரு கருப்பைக்குள் இறங்கும். ஏழாம் நாளில் அது கண்ணுக்கே பிடிபடாத புள்ளி. பதினேழாம் நாள் வாக்கில் அதே கரு கிட்டத்தட்ட சாண் நீளத்துக்கு நூலாக நீண்டிருக்கும். நஞ்சுக்கொடி இன்னும் ஒட்டியிருக்காது, ஒட்ட ஆரம்பிப்பதே பத்தொன்பது, இருபதாம் நாளில்தான். அதுவரை கருவுக்குச் சோறு போடுவது கருப்பைச் சுரப்பிகளில் ஊறும் திரவம். அந்த ஊற்றைத் திறந்துவிடுவது புரொஜெஸ்ட்ரான் என்ற ஹார்மோன். முட்டை வெளியேறிய இடத்தில் சூலகத்தில் உருவாகும் மஞ்சள் கட்டி அதைச் சுரக்கிறது. முதல் ஐந்தாறு நாளில் புரொஜெஸ்ட்ரான் சோம்பலாக ஏறினால் கரு குட்டையாகவே நின்றுவிடும். பதினைந்து, பதினாறாம் நாள் கரு இன்டர்ஃபெரான் டவ் என்ற புரதத்தைச் சுரந்து, தான் இருப்பதைக் கருப்பைக்குத் தெரிவிக்க வேண்டும். குட்டைக் கருவால் போதுமான அளவு சுரக்க முடியாது. சேதி எட்டாவிட்டால் கருப்பை புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளை விட்டு மஞ்சள் கட்டியைக் கரைத்துவிடும். இருபத்தொன்றாம் நாள் மாடு மறுபடி பருவத்துக்கு வந்து கத்தும். நமக்குத் தெரிவது "நிக்கல" என்ற ஒன்று மட்டும்.

"அப்போ ஜீனே கிடையாதுங்கீரா?" என்று ஒருத்தர் கிளம்புவார். இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது. அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்து மைல்ஸ் சிட்டியில் இறைச்சி இனக் கிடேரிகளை (இன்னும் கன்று போடாத இளம் பசுக்களை) வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த நல்ல ஏழாம் நாள் கருவை ஒவ்வொரு கிடேரிக்கும் திரும்பத் திரும்ப வைத்தார்கள். ஒரே தரமான விதையை ஒவ்வொரு வயலிலும் பலமுறை போட்டுப் பார்ப்பது போல. விந்துக் கோளாறு, முட்டைக் கோளாறு, ஊசி நேரம் எல்லாம் கழிந்துபோக, கருப்பை மட்டும் மிஞ்சும். சில கிடேரி ஒவ்வொரு முறையும் பிடித்தது. சில எப்போதாவது. சில ஒருமுறைகூட இல்லை. 2018ல் மிசௌரிப் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஸ்பென்சர் குழு வெளியிட்டதில், நன்றாகப் பிடிக்கும் கிடேரியின் பதினேழாம் நாள் கரு, அரைகுறையாகப் பிடிக்கும் கிடேரியின் கருவைவிடச் சுமார் இரண்டு மடங்கு நீளம். அந்த அரைகுறைக் கிடேரிகள் பதினேழாம் நாள் வரை கருவை வைத்துக்கொண்டுதான் இருந்தன, பின்னால்தான் கோட்டை விட்டன.

இதே கிடேரிகளின் மரபணுக்களை அலசியபோது கிடைத்தது ஒரு ஜீன் இல்லை. குரோமோசோம்களில் பல இடங்கள், ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கொஞ்சம். சந்தைக்கு ஓட்டச் சொன்னாரே, அந்த "கருப்பை ஜீன்" இதில் எது என்று அவரே காட்டட்டும். இவ்வளவு பேர் இவ்வளவு முறை கரு வைத்துப் பார்த்துச் சொன்னதை இவர் மூன்று ஊசியில் கண்டுபிடித்துவிட்டார். பரிசு கொடுக்கலாம்.

கருவின் கோளாறும் கருப்பையின் கோளாறும் ஒன்றில்லை, அதையும் போட்டுக் குழப்பியிருக்கிறார். 1962ல் பிறந்த பாவ்னி ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப் என்ற ஹோல்ஸ்டீன் காளை வழியாக ஏபிஏஎஃப்1 மரபணுவின் பழுதான பிரதி உலகம் முழுக்கப் பரவியது. ஜெர்சி இனத்தில் சிடபிள்யூசி15 என்ற மரபணுவில் இதே மாதிரிப் பழுது இருக்கிறது. காளை, பசு இரண்டுமே பழுதைச் சுமந்தால் நான்கில் ஒரு கரு சாகும். அதில் கருப்பைக்கு ஒரு பாவமும் கிடையாது. பழுதில்லாத வேறு காளையின் குச்சியை (உறைந்த விந்து அடைத்த சின்னக் குழலை) போட்டால் அந்தச் சிக்கல் தீர்ந்தது. காளை எண் குச்சியிலேயே அச்சடித்திருக்கும். யார் குறித்து வைக்கிறோம்?

இப்போது வால்முடியைப் பிடுங்கிக் கொடுத்தால் மரபணுவைச் சோதித்து மாடு நிற்குமா என்று சொல்லிவிடுவோம் என்று வேறு கிளம்பியிருக்கிறார்கள். சினைப் பிடிப்பில் மாட்டுக்கு மாடு உள்ள வித்தியாசத்தில் பரம்பரையாக வருவது 5 சதவீதத்துக்கும் கீழே. காளையைத் தேர்ந்தெடுக்க அது போதும். 2003ல் அமெரிக்கா மகள் பசுக்களின் சினை விகிதத்தை வைத்துக் காளையை மதிப்பிடும் முறையைக் கொண்டுவந்ததே அதை நம்பித்தான், ஆயிரக்கணக்கான மகள்களைச் சேர்த்துப் பார்த்தால் சின்ன வித்தியாசமும் தெரியும். நாங்குநேரித் தொழுவத்தில் நிற்கும் ஒற்றைப் பசுவுக்குத் தீர்ப்புச் சொல்ல அது போதாது. மிச்சம் 95ம் தீனி, வெயில், நோய், நேரம், ஊசி போடுகிறவர் கை.

களக்காடு பக்கம் ஒரு வீட்டில் இந்தப் பேச்சைக் கேட்டு ஜெர்சிக் கலப்புப் பசுவைக் கறிவிலைக்குத் தள்ளிவிட்டார்கள். கேள்விப்பட்டுத்தான் வயிறு எரிந்தது. விசாரித்தால், கன்று போட்டபோது நஞ்சுக்கொடி விழாமல் கையால் எடுத்திருக்கிறார்கள். நாற்பது நாள்கூட ஆகாமல் முதல் ஊசி. கருப்பை சுருங்கிப் பழைய நிலைக்கு வரவே ஆறு வாரம் வேண்டும், நஞ்சு தங்கிய மாட்டுக்கு இன்னும் கூடும். பருவத்தில் தொங்கிய கோழையில் வெள்ளைத் திட்டு இருந்ததாம், "அது வழக்கம்தான்" என்று விட்டுவிட்டார்கள். கோழை கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் அதே அளவு 10 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சேர்த்துச் சூடாக்கிப் பார்க்கலாம். மஞ்சளானால் அழற்சி, மஞ்சள் அடர்ந்தால் அழற்சியும் கூடுதல். சோதனைக் குழாயும் அடுப்பும் போதும். அந்த வீட்டு ஆச்சிக்கு இதை யாரும் சொல்லவில்லை. ஜீன் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

"ஊசி போடுதவங்களைக் காப்பாத்துதீரு" என்பார்கள். இல்லை. விந்துக் குச்சிகளை உறைய வைத்திருக்கும் குப்பியில் திரவ நைட்ரஜனை வற்றவிடுகிறவர், குச்சியை 37 டிகிரி வெந்நீரில் 30 வினாடி வைக்காமல் உள்ளங்கையில் உருட்டுகிறவர், கருப்பை வாயைத் தாண்டாமல் பாதி வழியில் விட்டுவிட்டுப் போகிறவர், எல்லாரும் இருக்கிறார்கள். காலையில் கத்தின மாட்டுக்கு மறுநாள் மத்தியானம் வந்து நிற்கிறவரும் இருக்கிறார். காலையில் பருவம் என்றால் அன்று மாலை, மாலை என்றால் மறுநாள் காலை. இதையும் "ஜீன்" மூடி மறைக்கிறது என்பதுதான் என் ஆத்திரம். யாரும் எதற்கும் பொறுப்பில்லை, பசுவைத் தவிர.

"நாட்டு மாட்டுக்கு இதெல்லாம் வராது." வரும். அடுத்த கேள்வி.

"நிக்காத மாட்டுக்கு எத்தனை நாள் தீனி போட?" நியாயமான கேள்வி, ஒரு பருவம் தவறினால் 21 நாள் தண்டச் செலவு. அதற்காகத்தான் முதல் ஊசியிலிருந்தே தேதி எழுதச் சொல்கிறேன். 18 முதல் 24 நாளுக்குள் திரும்பினால் கரு உருவாகவில்லை, அல்லது சேதி சொல்லுமுன் செத்தது. முப்பது, நாற்பது நாள் கழித்துத் திரும்பினால் பிடித்துக் கலைந்திருக்கலாம், அல்லது நடுவில் ஒரு பருவத்தை நாம் பார்க்காமல் விட்டிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. பாலுக்காகக் கடலைப் புண்ணாக்கை அள்ளிப் போட்டு, ரத்தத்தில் யூரியா நைட்ரஜன் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டினால் கருப்பைக்குள் அமிலநிலையே மாறிவிடும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் கட்டினால் முதல் மூன்று நாள் கருவே வெந்துபோகும். திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஓட்டிப்போய்க் காட்டலாம். ஏறக்குறைய மேலப்பாளையம் சந்தைக்குப் போகிற தூரம்தான்.

பின்னூட்டத்தில் "எங்க மாட்டுக்கும் ஜீன்தான்" என்று எழுத வருகிறவர்கள், கன்று போட்ட தேதி, ஊசி போட்ட தேதிகள், பருவம் பார்த்த நேரம், கோழையின் நிறம், குச்சியில் இருந்த காளை எண், இவ்வளவையும் போட்டுவிட்டு எழுதுங்கள். இவை இல்லாத பின்னூட்டத்துக்குப் பதில் சொல்ல மாட்டேன். ஆனால் அழிக்கவும் மாட்டேன்.