ஆம்ப் உறுமினால் டாக்கைக் குற்றம் சொல்லாதீங்க

சேர்த்து வைத்த பாட்டை எல்லாம் ஹார்டுடிஸ்க்கில் ஏற்றி, ஒரு சின்னக் கம்ப்யூட்டரை சர்வராக வைத்து, அதிலிருந்து டாக் (டிஜிட்டல் பாட்டை ஆம்ப்புக்குப் புரிகிற சிக்னலாக மாற்றும் DAC பெட்டி), டாக்கிலிருந்து ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) என்று வயர் இழுத்து முடித்த பிறகு, "அண்ணே, பாட்டு நிக்கும்போது உர்ர்னு ஒரு சத்தம். எந்த டாக் வாங்கினா போகும்?" என்று இன்பாக்ஸில் கேட்கிறவர்கள் இப்போது அதிகம். நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ குலசேகரமோ, யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான். எதையும் வாங்காதீங்க. முதலில் டிவிக்கு வருகிற கேபிள் வயரைக் கழற்றிட்டுக் கேளுங்க.

பாட்டு சர்வருக்கும் கேபிள் டிவிக்கும் என்ன சம்பந்தம்? டிவியும் அதே ஆம்ப்பில்தானே மாட்டியிருக்கு! ஆம்ப் மூணு பின் பிளக்கில் வீட்டு எர்த்தோடு சேர்ந்திருக்கும். கேபிள் வயரோ தெருவில் வேறெங்கோ எர்த் ஆகியிருக்கும். இந்த இரண்டு எர்த்துக்கும் நடுவில் துளி வோல்டேஜ் வித்தியாசம் இருந்தால் போதும், ஆடியோ வயரின் ஷீல்டு, அதாவது உள்கம்பியைச் சுற்றியிருக்கிற உலோக உறை வழியாகக் கரண்ட் ஓட ஆரம்பித்துவிடும். வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் கேட்கிற உறுமல் அதுதான். டாக்கின் விலையைப் பார்த்து அது அடங்காது.

கேபிள் காரணம் இல்லை என்றால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்க வேண்டியதுதான். ஆம்ப்பை ஆஃப் பண்ணி, பின்னால் இருக்கிற எல்லா வயரையும் கழற்றி, மறுபடி ஆன் பண்ணி வால்யூமை ஏற்றுங்க. அப்போதும் உறுமினால் கோளாறு ஆம்ப்புக்குள்ளேயே. பழைய ஆம்ப் என்றால் பெரும்பாலும் பவர் சப்ளை கெப்பாசிட்டர் செத்திருக்கும். அமைதியாக இருந்தால் டாக்கை மட்டும் மாட்டுங்க, சர்வர் வேண்டாம். கடைசியில் சர்வரில் இருந்து டாக்குக்குப் போகும் யுஎஸ்பியைச் சொருகுங்க. சொருகின நொடியில் உர்ர் என்றால் ஆள் அகப்பட்டாச்சு. மவுஸை நகர்த்தும்போதும் டிஸ்க் சுழலும்போதும் கிர் கிர்ரென்று சின்னச் சத்தம் வருவதும் இதே வழியில்தான். யுஎஸ்பி வயரில் டேட்டா மட்டும் போகவில்லை. 5 வோல்ட்டும் கிரவுண்டும் சேர்ந்தே போகின்றன.

இந்த இடத்தில் நம்ம ஊர் வைத்தியம் ஒன்று உண்டு. மூணு பின்னில் மேலே இருக்கிற பெரிய பின்னை வெட்டிவிடுவது, இல்லையென்றால் இரண்டு பின் அடாப்டரில் சொருகுவது. உறுமல் நிற்கும், உண்மைதான். நாளைக்கு டிரான்ஸ்ஃபார்மரில் லீக் வந்தால் ஆம்ப்பின் இரும்புப் பெட்டியே ஷாக் அடிக்கும், அதுவும் உண்மைதான். பிள்ளைகள் கை வைக்கிற சாமானில் இதைச் செய்கிறவரிடம் எனக்குப் பொறுமை கிடையாது. எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டு எத்தனை வருஷம் ஆச்சு, கோடையில் ஒரு குடம் தண்ணியாவது ஊற்றுகிறீர்களா என்று பாருங்க, அது வேறு விஷயம்.

சரியான வழி ஆப்டிகல். முனையில் சிவப்பு வெளிச்சம் தெரியுமே, அந்த வயர். 1983இல் தோஷிபா கொண்டுவந்த சமாச்சாரம், இன்னும் ஓடுகிறது. சர்வருக்கும் டாக்குக்கும் நடுவில் வெளிச்சம் மட்டும் போகிறது, செம்புக் கம்பி கிடையாது, அதனால் அந்த வழியில் கரண்ட் சுற்றி வர முடியாது. பழைய டெஸ்க்டாப்கள் பலவற்றின் பின்பக்கம் இந்த ஓட்டை ஏற்கெனவே இருக்கும். ராஸ்பெர்ரி பை என்கிற கையளவு கம்ப்யூட்டரில் இல்லை. அதன் மேலே ஒரு சின்ன போர்டு மாட்ட வேண்டும். பாட்டின் தரக் கணக்கில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வரை ஆப்டிகலை நம்பிப் போகலாம். அதற்கு மேல் போகாதே என்று வருத்தப்படுகிறவர்கள் தங்கள் டிஸ்க்கை ஒருமுறை திறந்து பார்க்கவும். சிடி என்பதே 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்தான். பாதிக்கு மேல் அந்தக் காலத்து எம்பி3 சிடியில் இருந்து காப்பி பண்ணின 128 கேபிபிஎஸ் பாட்டாகத்தான் இருக்கும்.

சத்தத் தரம் என்று பார்த்தால் நல்ல டாக்கில் யுஎஸ்பிக்கும் ஆப்டிகலுக்கும் என் காதுக்கு வித்தியாசம் இல்லை. காகிதத்தில் யுஎஸ்பிதான் ஒரு படி மேல். ஏனென்றால் இப்போதைய டாக்குகள் தங்களுக்குள் இருக்கிற கடிகாரத்தின் வேகத்துக்கு சர்வரிடம் டேட்டாவைக் கேட்டு வாங்கிக்கொள்கின்றன. ஆனாலும் குமரி மாவட்டத்தில் நான் ஆப்டிகல் பக்கம் நிற்கக் காரணம் இடி. நமக்கு இரண்டு பருவமழை, அதுபோக ஏப்ரல் மே மாதச் சாயங்கால மழை. மலைப்பக்கம் கருத்தால் திற்பரப்பு, பேச்சிப்பாறைக்காரர்கள் பிளக்கைப் பிடுங்க ஓடுவார்கள். பிளக்கைத்தான் பிடுங்குகிறோம், இன்டர்நெட் வயரை யார் பிடுங்குகிறார்கள்? செம்பு வயரில் வருகிற இடி மோடம், சர்வர், யுஎஸ்பி, டாக், ஆம்ப் என்று வரிசையாக விருந்து சாப்பிட்டுவிட்டுப் போகும். ஆப்டிகல் இருந்தால் சர்வரோடு நின்றுவிட வாய்ப்பு உண்டு. பிளக்கைப் பிடுங்குகிற வேலை அப்போதும் இருக்கிறது.

குளச்சல், முட்டம் பக்கம் கடலை ஒட்டி வீடு என்றால் உப்புக்காற்று வேறு. டாக்கையும் ஆம்ப்பையும் இணைக்கிற ஆர்சிஏ வயரின் பின்னைக் கழற்றிப் பாருங்க, பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கும். ஒரு ஸ்பீக்கர் மட்டும் விட்டு விட்டுப் பாடினால் அதைத் துடைத்தாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும். டாக்கில் இருந்து ஆம்ப் வரை இந்த வயர் இல்லாமல் முடியாது, ஆகவே குட்டையாக வையுங்க.

இன்னொன்று, டாக்கில் இருந்து வருவது பெரும்பாலும் 2 வோல்ட். 2என்3055 டிரான்சிஸ்டர் போட்டு உள்ளூரில் அசெம்பிள் பண்ணின ஆம்ப்பெல்லாம் கால் வோல்ட், அரை வோல்ட்டுக்கே அலறும். வால்யூமைக் கொஞ்சம் திருப்பினாலே பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்ப்பார். சர்வரில் வால்யூமைக் குறைக்கலாம், தரம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். ஒரு பிட்டுக்கு 6 டெசிபல் கணக்கு. டாக்குக்கு 24 பிட்டாக அனுப்பினால் 16 பிட் பாட்டை 48 டெசிபல் வரை இறக்கினாலும் ஒரு பிட்டும் தொலையாது.

ஆன் பண்ணும்போது சர்வர், டாக், கடைசியில் ஆம்ப். ஆஃப் பண்ணும்போது ஆம்ப் முதலில். மாற்றிச் செய்தால் ஸ்பீக்கரில் டொப்பென்று ஒரு அடி விழும்.