கன்னி மூலையில் படுக்கையறை, ராத்திரி முழுக்க ஏசி

வீடு கட்டப்போகும் நண்பர்கள் இப்போதெல்லாம் எடுத்த எடுப்பிலேயே கேட்பது, "சோலார் எத்தனை கிலோவாட் போடலாம்?" என்றுதான். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் வரை இருக்கிறது, தாராளமாகப் போடுங்கள். பேனலின் நிழல் மொட்டைமாடிக்கு விழுவது தனி லாபம். ஆனால் அதற்கு முன்னால் பிளானை விரித்து, படுக்கையறை எங்கே வருகிறது என்று பாருங்கள்.

பெரும்பாலும் தென்மேற்குதான். வாஸ்துப்படி குடும்பத் தலைவருக்குக் கன்னி மூலை. மதியம் தாண்டியதும் அந்த மேற்குச் சுவர் வெயிலில் காய ஆரம்பிக்கிறது. 9 அங்குலச் செங்கல் சுவரைத் தாண்டிச் சூடு உள்ளே வரச் சில மணி நேரம் பிடிக்கும். அதாவது, நாம் படுக்கப் போகும்போது சரியாக வந்து சேரும். வெளியே காற்று குளிர்ந்திருக்கும், உள்ளே சுவர் கொதிக்கும். அந்தச் சுவரோடு ராத்திரி முழுக்க மல்லுக்கட்டத்தான் ஏசி.

"அதான் சன்ஷேட் இருக்கே" என்பார்கள். தெற்குச் சுவருக்கு அது போதும். திருச்சியில் மார்கழி உச்சிவேளையிலும் சூரியன் 55 டிகிரி உயரத்துக்குக் குறையாது, 2 அடி சன்ஷேட் ஏறக்குறைய 3 அடி நிழல் தரும். மேற்கே கதை வேறு. சித்திரையில் மாலை நாலரைக்குச் சூரியன் 30 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும், அதே சன்ஷேட்டுக்கு ஓரடி நிழல்தான். மாடிப்படியையும் ஸ்டோர் ரூமையும் மேற்கே தள்ளிவிட்டு, படுக்கையறையை அவற்றுக்குப் பின்னால் வையுங்கள். மாடிப்படி மேற்கே வருவதற்கு வாஸ்துக்காரரும் சம்மதிப்பார்!

யூடியூப் பார்த்துவிட்டுப் பெரிய கண்ணாடி ஜன்னல் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லடாக்கில் லே பக்கத்தில் இருக்கும் செக்மால் பள்ளி வளாகம், மண் சுவரும் தெற்கு பார்த்த கண்ணாடியுமாக, வெயிலை வைத்தே கடுங்குளிரைச் சமாளிக்கிறது. அங்கே வெயிலை உள்ளே அழைக்க வேண்டும். நமக்கு வாசலிலேயே நிறுத்த வேண்டும்.

கூரைக்கு வெள்ளை கூலிங் டைல் போடுங்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. மேற்குச் சுவருக்கு, கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு (rat-trap bond). செங்கலைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே காற்று இடைவெளி விட்டுக் கட்டுவது. செங்கல் கால்வாசி மிச்சம், சூடும் குறையும். "உள்ள பொள்ளலா இருக்குமே சார்" என்று கொத்தனார் இழுப்பார். ஏற்கெனவே கட்டிப் பழகியவராகத் தேடுங்கள். வயரிங் பைப் எங்கே வரும் என்பதையும் கட்டும்போதே முடிவு செய்யுங்கள், அந்தச் சுவரில் பிறகு பைப் பதிக்கக் காடி வெட்டக் கூடாது.