இரண்டாவது சரணம் எங்கே?

பொழுது விடிந்தால் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டில் வட்டார வானொலிதான். பழைய பாட்டுப் போடுகிறார்கள், நல்லது. முழுசாகப் போட என்ன கேடு? முதல் சரணம் முடிந்ததுமே அறிவிப்பாளர் குரல் நுழைந்துவிடுகிறது. 1965-இல் பிரிவதற்கு முன் விஸ்வநாதன் - ராமமூர்த்தி போட்ட பாட்டுகள் பலவற்றில் இரண்டாவது சரணத்துக்கு முன்னால் குழலோ வயலினோ புதிதாக ஒரு வழியில் போகும். அதற்குத்தானே காத்திருக்கிறோம்! ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்த அம்மாவுக்கு சுசீலா குரல்தான் துணை. பாதியில் நின்றால் முகம் சுண்டிப்போகிறது. பிறந்தநாள் வாழ்த்து வாசிக்க மட்டும் எங்கிருந்து நேரம் வருகிறது? உள்ளூர்ப் பாடகர்கள் பாட்டோ ஊர் உறங்கிய பிறகுதான், அது தனிக் கொடுமை. வாழ்த்தைக் குறையுங்கள் ஐயா, பாட்டை முடிய விடுங்கள்.