அந்த 20 சதவீதம்

மென்பொருள் சோதனையில் வேலை பார்க்கும் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். நிரல் எழுதி முடிக்க இரண்டு வாரம் தாமதமானால், அந்த இரண்டு வாரமும் சோதனைக்கு ஒதுக்கிய நாட்களில்தான் கழியும். வெளியிடும் தேதி நகராது. நானும் இதே வேலையில்தான் இருக்கிறேன். அதனாலேயே சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனத்தில் 2024 மே மாதம் நடந்ததை வெறும் செய்தியாகப் படித்துக் கடக்க முடியவில்லை.

2023 ஜூலையில் அங்கே ஒரு தனிக் குழு அமைத்தார்கள். மனிதரை மிஞ்சும் செயற்கை நுண்ணறிவு வந்தால் அதை எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்று ஆராய்வதுதான் அதன் வேலை. இலியா சுட்ஸ்கேவரும் யான் லைக்கேவும் தலைமை ஏற்றார்கள். அதுவரை சேர்த்து வைத்திருந்த கணினித் திறனில், அதாவது செயற்கை நுண்ணறிவைப் பழக்கவும் ஆராயவும் தேவைப்படும் கணினி வசதியில், 20 சதவீதத்தை நான்கு ஆண்டுகளில் இதற்கே தருவோம் என்று பகிரங்கமாக அறிவித்தார்கள். பத்தே மாதம்தான். இருவரும் வெளியேறினார்கள், குழு கலைந்தது. கணினித் திறனுக்கே தன் குழு திண்டாடியது என்றும், பளபளப்பான தயாரிப்புகளுக்கு முன்னால் பாதுகாப்பு பின்னுக்குப் போய்விட்டது என்றும் லைக்கே வெளிப்படையாக எழுதினார்.

இதே லைக்கே 2017ல் வந்த ஒரு முக்கியமான ஆய்வுக்கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர். அது தீர்க்கப் பார்த்த சிக்கல் இதுதான்: இயந்திரத்துக்கு மதிப்பெண்தான் இலக்கு என்று சொல்லிவிட்டால் அது குறுக்குவழி தேடும். படகுப் பந்தய விளையாட்டு ஒன்றில் படகு பந்தயத்தை முடிக்கவே இல்லை; ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி, தீப்பிடித்து எரிந்தபடியே மதிப்பெண்ணை அள்ளியது. சரி, இரண்டு காணொளித் துண்டுகளைக் காட்டி எது தேவலை என்று மனிதரிடமே கேட்போம் என்றார்கள் இந்த ஆய்வாளர்கள். சுமார் 900 முறை கேட்டதில், திரையில் இருந்த ஒரு எளிய உருவம் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போடக் கற்றுக்கொண்டது. பாதுகாப்பை நினைத்துச் செய்த ஆய்வு இது. அப்புறம் சாட்ஜிபிடியைச் சொன்ன பேச்சு கேட்கும்படி பழக்கியதும் இந்த வழிதான்.

இதைக் காட்டித்தான் சிலர், செயற்கை நுண்ணறிவின் பாதுகாப்பும் திறனும் ஒன்றாகவே வளரும், தனி ஒதுக்கீடு எதற்கு என்கிறார்கள். பாதி உண்மை. விற்பனைக்கு உதவும் பாதுகாப்பு ஆய்வுக்குப் பணம் தானாக வரும். ஒரு செயற்கை நுண்ணறிவு மாடல் ஏன் இப்படிப் பதில் சொன்னது என்று அதன் உள்ளே இறங்கிப் பார்ப்பதற்கும், சோதிக்கிறார்கள் என்று தெரிந்தால் மட்டும் ஒழுங்காக நடந்துகொள்கிறதா என்று மாதக்கணக்கில் துருவுவதற்கும் எந்த வாடிக்கையாளர் காசு கொடுப்பார்? செயற்கை நுண்ணறிவின் முன்னோடிகளில் ஒருவரான ஜெஃப்ரி ஹிண்டன் கணினித் திறனில் மூன்றில் ஒரு பங்கு வேண்டும் என்று கேட்பது இந்த மாதிரி வேலைக்குத்தான். எனக்கு அது அதிகமாகத் தெரியவில்லை.

ஆனால் பங்கை அறிவிப்பது மட்டும் போதாது. சோதனைக் குழு கையெழுத்துப் போடாமல் எதுவும் வெளியே போகக் கூடாது என்று எங்கள் அலுவலகத்தில் விதி வந்த பிறகுதான் முதல்முறையாக ஒரு வெளியீட்டுத் தேதி தள்ளிப்போனது. பாதுகாப்பு ஆய்வாளர்களுக்கும் அந்தக் கையெழுத்து அதிகாரம் வேண்டும். ஒதுக்கிய கணினித் திறன் உண்மையில் அவர்கள் கைக்குப் போனதா என்று நிறுவனத்துக்கு வெளியே உள்ள ஒருவர் கணக்குப் பார்க்க வேண்டும். அந்த 20 சதவீதத்துக்கு அப்படிக் கணக்குக் கேட்க வெளியே யாருமே இல்லை.