பேஸ் கவரை ஃபோன் ஸ்பீக்கர்ல கேக்காதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்

“ப்ரோ, செம. ஆனா பேஸே கேக்கலையே, கொஞ்சம் வால்யூம் ஏத்தி வச்சிருக்கலாம்.”

ஒரு பாட்டோட சேர்ந்து பேஸ் கிட்டார், அதாவது பாட்டுக்கு அடியில கீழ் ஸ்வரத்தைத் தாங்கற கிட்டார், வாசிச்சு வீட்டுல இருந்தே ‘கவர்’ வீடியோ எடுத்துப் போடுற ஒவ்வொருத்தருக்கும் இந்த வரி வந்திருக்கும். சும்மா பாட்டு கேக்கறவங்க சொன்னா எனக்குக் கோபமே கிடையாது. எங்க அத்தை சொன்னாங்க, சரிங்க அத்தைன்னு விட்டுட்டேன். ஆனா இதை எழுதறது யாரு? தோள்ல பேஸை மாட்டிக்கிட்டு நம்ம கூடவே கத்துக்கிட்டு இருக்கற ஆளுங்க. ஒருத்தர் வாசிக்கறதை ஒருத்தர் கேட்டுத் திருத்திக்கலாம்னு சேர்ந்தவங்க. அவங்களே ஃபோனை மல்லாத்தி வச்சு, அதோட அடியில இருக்கற துக்குணூண்டு ஸ்பீக்கர்ல கேட்டுட்டு, பேஸ் கேக்கலைன்னு எழுதறாங்க. வயிறு எரியுதுங்க.

எப்படிக் கேக்கும்? நாலு ஸ்ட்ரிங் பேஸ்ல ஈ ஸ்ட்ரிங்கை ஓப்பனா, அதாவது இடக்கை விரல் வைக்காம அடிச்சா, ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ், நொடிக்கு 41 அதிர்வு. ஏ 55. டி 73. ஜி 98. நாம சாதாரணமா ஒரு பாட்டுக்கு வாசிக்கற ஸ்வரங்கள்ல முக்கால்வாசி 200 ஹெர்ட்ஸைத் தாண்டறதே இல்ல. அந்த இடத்துல ஃபோன் ஸ்பீக்கருக்கு வேலையே கிடையாது. அவ்வளவு கீழ் ஸ்வரம் வரணும்னா நிறையக் காத்தைத் தள்ளணும், அந்தச் சின்னத் தகடு முன்னாடி பின்னாடி போய்வர அங்க இடமே இல்ல. பெரும்பாலான ஃபோன்ல சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேலதான் சத்தம்னு ஒண்ணு வருது. அப்பவும் ‘ஏதோ கேக்குதே’ன்னு உங்களுக்குத் தோணும். ஸ்வரத்தோட கூடவே மேல ஒலிக்கற ஹார்மானிக்ஸை மட்டும் வாங்கிக்கிட்டு, கீழ இருக்க வேண்டிய ஸ்வரத்தை உங்க மூளை தானா யூகிச்சுப் போட்டுக்குது. நீங்க கேட்டது என் வாசிப்பு இல்ல, உங்க யூகம். இருட்டுல நின்னு கோலத்தைப் பாத்துட்டு புள்ளி தப்புன்னு சொல்றதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

வால்யூம் ஏத்தணுமாம். மிக்ஸ்ல, அதாவது எல்லா வாத்தியத்தையும் அளவு பாத்துச் சேக்கற இடத்துல, பேஸை எவ்வளவு ஏத்தினாலும் அந்த ஸ்பீக்கர்ல இல்லாத 41 ஹெர்ட்ஸ் எங்கேருந்தோ குதிச்சு வந்துடாது. ஒழுங்கா ஹெட்போன் போட்டுக் கேக்கற ஒருத்தருக்குத்தான் பாட்டு மொத்தமும் பேஸுக்கு அடியில மூழ்கிப் போகும். பாடகர் குரல், ட்ரம்ஸ், எல்லாம் காலி. யாருக்காக மிக்ஸ் பண்றது? கேக்கத் தயாரா இருக்கறவருக்கா, இல்லாதவருக்கா?

ஒரு வீடியோ எடுக்க என்ன பாடுன்னு இதே கூட்டத்துக்குத் தெரியும். அதுதான் இன்னும் எரிச்சல். மைக் இல்ல, கிட்டாரைக் கம்ப்யூட்டரோட இணைக்கற இன்டர்ஃபேஸ் பெட்டியில பேஸை நேரா சொருகித்தான் ரெக்கார்டிங், அதனால தெருவுல ஹாரன் அடிச்சாலும் அடுப்படியில குக்கர் விசில் அடிச்சாலும் கவலை இல்ல. ஆனா ஃபேனை நிறுத்தணும். சத்தத்துக்காக இல்ல, எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் கொடுக்கற இரைச்சலை, ஸ்ட்ரிங் அதிர்வைக் கரென்ட்டா மாத்தற பிக்கப் அப்படியே உறிஞ்சிக்கும். லேப்டாப் சார்ஜரைக் கழட்டணும், எர்த் சரியில்லாத வீட்டுல அது மாட்டியிருந்தா ஒரே உறுமல். அந்த உறுமல் எங்க போய் உக்காருது தெரியுமா? நம்ம ஊர் கரென்ட் 50 ஹெர்ட்ஸ். ஈ ஸ்ட்ரிங்ல மூணாவது ஃப்ரெட் (கிட்டார் கழுத்துல குறுக்க இருக்கற கம்பி), அதாவது கீழ் ஜி, 49 ஹெர்ட்ஸ். நடுவுல ஒரே ஒரு ஹெர்ட்ஸ். அந்த ஜி-யைப் பிடிச்சு நீட்டினா உறுமலும் ஸ்வரமும் ஒண்ணோட ஒண்ணு மோதி நொடிக்கு ஒரு தரம் ஏறி ஏறி இறங்கும். கை நடுங்குதோன்னு கேக்கறவங்க நினைப்பாங்க. ரெண்டு பிக்கப் இருக்கற ‘ஜாஸ் பேஸ்’ மாடல் வச்சிருக்கறவங்க ரெண்டையும் முழுசாத் திறந்து வச்சுத் தப்பிச்சுக்கலாம், அந்த ரெண்டும் எதிர் எதிராச் சுத்தியிருக்கறதால உறுமல் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். ஒரே சுருள் உள்ள ஒத்த பிக்கப் இருக்கற மலிவு பேஸ்காரங்க என்ன பண்றது? சென்னை மே மாசத்துல ஃபேனை அணைச்சுட்டு, கழுத்துல வேர்வை வழிய, ஃப்ரெட்போர்டைத் துடைச்சுத் துடைச்சு மறுபடி டேக் எடுக்கறதுதான்.

அப்புறம் வீடியோவோட ஆடியோவை ஒட்டணும். ஃபோன் கேமரா ஒரே வேகத்துல ஃப்ரேம் எடுக்காது, அதனால பல்லவியில சரியா இருக்கற விரல் கடைசி சரணத்துல லேசா விலகி நிக்கும். அதையும் வெட்டி நகர்த்திச் சரி பண்ணி, பொதுவுல ஏத்தினா, உரிமைக்காரக் கம்பெனி சார்புல மெஷின் வந்து சத்தத்தை மியூட் பண்ணிடுது. பாட்டு அவங்களுது, நான் மறுக்கலை. விளம்பரக் காசை எடுத்துக்கட்டும், எனக்கு ஒரு பைசா வேண்டாம். ஆனா சத்தமே இல்லாத பேஸ் கவரை யாரு என்ன பண்றது? அதனாலதான் சாட்ல அனுப்பிக்கறோம். அங்க வீடியோவா அனுப்பினா நசுக்கிடும்னு டாக்குமென்ட்டா அனுப்பறோம். இவ்வளவு தாண்டி உங்க கைக்கு வந்து சேருது. நீங்க ஸ்பீக்கர்ல போட்டுப் பாத்துட்டு “பேஸ் கேக்கல” என்கறீங்க.

நாலு நிமிஷ வீடியோவுக்குப் பத்தாவது நொடியில நெருப்பு எமோஜி போடறவங்க வேற. அது வேண்டவே வேண்டாம். பதில் சொல்லாம இருந்தா இன்னும் கேக்கலைன்னாவது எனக்குப் புரியும்.

நான் எதிர்பாக்கறது பாராட்டு இல்ல. காலால அடிக்கற கிக் ட்ரம்மோட என் ஸ்வரம் ஒட்டி உக்காருதா, முந்துதா? ஸ்வரத்தை எங்க ஆரம்பிக்கறேன்னு எல்லாரும் பாப்பாங்க, எங்க நிறுத்தறேன்? பேஸ்ல பாதி வித்தை நிறுத்தறதுலதான் இருக்கு. ஸ்னேர் ட்ரம் அடி விழறதுக்குச் சரியா முன்னாடி இடக்கை விரலை லேசாத் தூக்கி ஸ்வரத்தை மூடினா பாட்டு நடக்கும், அரை மாத்திரை தள்ளி மூடினா பாட்டு சேத்துல கால் வைக்கும். ஏ ஸ்ட்ரிங்க்கு மாறும்போது ஈ ஸ்ட்ரிங் மியூட் ஆகாம அடியில முனகிட்டே இருக்கா? இதெல்லாம் வாசிக்கற நமக்கே காதுல விழாது, கை வேலையா இருக்கும். இன்னொரு பேஸ்காரர் காதுதான் பிடிக்கும். அதுக்குத்தானே உங்ககிட்ட அனுப்பறேன்? இதுல ஒண்ணுகூட ஃபோன் ஸ்பீக்கர்ல தெரியாது.

‘பெரிய சவுண்ட் இன்ஜினியருங்களே சின்ன ஸ்பீக்கர்ல கேட்டுப் பாக்கறாங்களே’ன்னு ஒருத்தர் வாதம் பண்ணார். பாக்கறாங்க. லேசா டிஸ்டார்ஷன், அதாவது சத்தத்தைக் கொஞ்சம் கரகரப்பாக்கற பூச்சு, சேத்து மேல் ஹார்மானிக்ஸைத் தூக்கி, சின்ன ஸ்பீக்கர்லயும் பேஸ் இருக்கற மாதிரி பண்ணுவாங்க. அது ஊருக்கே வெளியிடற பாட்டுக்கு. கத்துக்கறவங்க நமக்குள்ள அனுப்பிக்கறதுல அந்தப் பூச்சை அடிச்சா, விரல் சரியாப் படாத இடம், சத்தம் ஏறி இறங்கற இடம் எல்லாம் அதுக்கு அடியில மறைஞ்சு போகும். நாம கேக்க வேண்டியதே அந்த ஓட்டைகளைத்தான்.

எனக்கு உண்மையான பயம் வேற. இந்த ஸ்பீக்கர் நாம என்ன வாசிக்கணும்னே முடிவு பண்ண ஆரம்பிச்சுடுச்சு. சமீபமா வர்ற கவர் எல்லாம் பாருங்க, கட்டைவிரலால அடிக்கற ஸ்லாப், ஃப்ரெட் மேலயே விரலால தட்டற டேப்பிங், பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல ஓட்டம். ஏன்? கட்டைவிரல் ஸ்ட்ரிங்கை அடிக்கற ‘டக்’ ஃபோன்ல கேக்குது, கைதட்டல் வருது. ரூட்டும் ஃபிப்த்தும் (ச-வும் ப-வும் மாதிரி) வச்சு ஒரு பாட்டை ஆரம்பத்துலேருந்து முடிவு வரைக்கும் ஆடாம அசையாம தாங்கறவன் வீடியோ அனாதையாக் கிடக்கு. ஸ்லாப் வாசிக்கறது தப்புன்னு சொல்லலை, அது தனி அழகு. ஆனா கேக்குதுங்கற ஒரே காரணத்துக்காகப் புதுசா வர்ற பசங்க அடிப்படையைத் தாண்டி அங்க ஓடறாங்க.

அமெரிக்காவோட மோட்டவுன் கம்பெனி பாட்டுகளுக்கு வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன் வலக்கையில ஆள்காட்டி விரல் ஒண்ணை மட்டும் வச்சு வாசிச்சவர். மேல வழவழன்னு இருக்கற ஃப்ளாட்வவுண்ட் ஸ்ட்ரிங், அதையும் லேசுல மாத்தமாட்டார், ஸ்ட்ரிங் முடியற பிரிட்ஜ்கிட்ட சத்தத்தை அமுக்க ஸ்பாஞ்ச் வேற. மேல் சத்தமே இல்லாத, தடிச்ச, குட்டையான ஸ்வரம். உலகத்துல பாதிப் பேரு அதைக் கேட்டுத்தான் பேஸ்னா என்னன்னு தெரிஞ்சுக்கிட்டாங்க. அந்த டோன்ல இன்னிக்கு ஒருத்தர் கவர் போட்டா நம்ம ஆளுங்க “கேக்கல ப்ரோ”ன்னு எழுதுவாங்க. அவ்வளவு தூரம் எதுக்கு, ராஜா பாட்டுகள்ல சசிதரன் வாசிச்சதைக் கேளுங்க. பாட்டு ஒரு பக்கம் போக, பேஸ் கீழே தனியா இன்னொரு மெட்டைச் சொல்லிக்கிட்டுப் போகும். ரஹ்மான் பாட்டுகள்ல கீத் பீட்டர்ஸ் எவ்வளவு இடம் விட்டு வாசிக்கறார்னு கேளுங்க. இதையெல்லாம் ஹெட்போன்ல கேட்டுத்தானே நமக்கு இந்தக் கிறுக்கே பிடிச்சது? அந்த மரியாதையை நம்மளோட கத்துக்கற ஒருத்தருக்கு ஏன் தர முடியல?

விலை உசந்த ஹெட்போன் கேக்கலை. காதை நல்லா அடைக்கற சாதாரண வயர் இயர்போன் போதும். கேக்கறதுக்கு ப்ளூடூத்தும் தாராளம், கூட வாசிக்கும்போதுதான் அது லேட்டா வந்து கழுத்தறுக்கும்.

இன்னிக்கு ராத்திரி ஒண்ணு அனுப்பறேன். முழுசாக் கேக்க நேரம் இல்லன்னா ரெண்டாவது சரணம் மட்டும் கேளுங்க, அங்கதான் எனக்குச் சந்தேகம். கிக்கோட ஒட்டுதா முந்துதான்னு ஒரு வரி எழுதுங்க. ஹெட்போன் கையில இல்லையா, அப்படியே வச்சுட்டு நாளைக்குக் கேளுங்க.