வாலைப் பிடித்திருக்கும் கை

தென்னாப்பிரிக்காவின் கம்பர்க் மலையில், கேம் பாஸ் பாறையில், அந்த மண்ணின் பழங்குடிகளான சான் மக்கள் வரைந்த ஓவியத்தின் படம் ஒன்று இந்த வாரம் நம் டர்பன் நண்பர்களிடையே சுற்றுகிறது. "மனிதனும் மானும் கொண்ட நட்பு" என்று அதற்குத் தலைப்பு. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஈலண்ட் என்னும் அந்தப் பெரிய மான் செத்துக்கொண்டிருக்கிறது.

நன்றாகப் பாருங்கள். தலை தொங்கிவிட்டது, மயிர் சிலிர்த்திருக்கிறது, பின்னங்கால்கள் பின்னிக்கொண்டன. விஷ அம்பு பட்ட மான் அப்படித்தான் தள்ளாடும். பின்னால் ஒருவன் அதன் வாலைப் பிடித்திருக்கிறான். அவன் கால்களும் அதேபோல் பின்னியிருக்கின்றன. பாதம் இருக்கவேண்டிய இடத்தில் குளம்பு!

அவன் வேடன் இல்லை, ஆட்டத்தில் தன்னை மறந்த வைத்தியன், சாகும் மானின் சக்தி அவனுக்குள் இறங்குகிறது என்கிறார் ஆய்வாளர் டேவிட் லூயிஸ்-வில்லியம்ஸ். இதை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. காவடி பார்த்து வளர்ந்த எனக்கு அது உடனே பிடிபட்டது. டர்பன் அம்கேனி ரோடு கோயிலில் அருள் வந்து கால் தடுமாறிய மாமாவை, பின்னாலிருந்து இடுப்புத் துணியைப் பிடித்து ஒருவர் நிறுத்தினார். சின்ன வயதில் பார்த்தது, இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அப்படியானால் ஓவியத்தில் மென்மையே இல்லையா? இருக்கிறது. செத்தவர்கள் பசுவின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் வைதரணி ஆற்றைக் கடக்கவேண்டும் என்று எங்கள் ஆயா சொல்வார். சான் மக்கள் அதையே நினைத்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அந்தக் கையைப் பார்த்தபோது எனக்கு ஆயாதான் நினைவுக்கு வந்தார். அது இழுக்கிற கை இல்லை, அடக்குகிற கை இல்லை. நீ போகிற இடத்துக்கு நானும் வருகிறேன் என்று பற்றியிருக்கிற கை. செல்லமாகத் தடவிக்கொடுப்பதைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வரைந்தவர்களிடம் கேட்க வழியில்லை. 1860-இல் நம் முன்னோர் ட்ரூரோ கப்பலில் வந்து நட்டாலில் கரும்பு வெட்டத் தொடங்கிய காலத்தில், அந்த மலைகளில் சான் மக்கள் துரத்தித் துரத்திக் கொல்லப்பட்டார்கள். நாமும் இந்த மண்ணில் பிழைத்தவர்கள். அவர்கள் விட்டுப்போனதை "அழகான நட்பு" என்று ஒரு வரியில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

போகிறவர்கள் வழிகாட்டியோடு போங்கள். அவசரப்படாமல் உட்கார்ந்து பாருங்கள். படம் பளிச்சென்று விழ வேண்டும் என்று தண்ணீர் தெளித்தே பல பாறைகளில் நிறம் போய்விட்டது. தயவுசெய்து தொடவேண்டாம்.