52-ஆல் பெருக்கினால் மட்டும் போதாது

ஆண்டை வாரமாக்க 52-ஆல் பெருக்கினால் போதும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். ஓரிரு ஆண்டுக்குச் சரி. 30 ஆண்டுக்குப் போட்டுப் பாருங்கள்: 1560 வாரம் வரும். உண்மையில் 1565-ஐத் தாண்டும். ஒரு மாதத்துக்கு மேல் காணாமல் போகிறது!

365-ஐ 7-ஆல் வகுத்தால் 52 போக ஒரு நாள் மிஞ்சும், லீப் ஆண்டென்றால் இரண்டு. அந்த மிச்சம்தான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம். 2023 ஜனவரி 1 ஞாயிறு, 2024-இல் திங்கள். 2024 லீப் ஆண்டு என்பதால் 2025-இல் செவ்வாயைத் தாண்டிப் புதனுக்குப் போய்விட்டது. பிறந்தநாள் கிழமை மாறுவதும் இதனால்தான்.

நான் வாரத்துக்கு ஒரு பக்கம் என்று எண் போட்டுக் குறிப்பு எழுதுகிறவன். 52 பக்கம்தான் ஒதுக்கியிருந்தேன். 2020 டிசம்பர் கடைசியில் போனில் பார்த்தால் 53-ஆவது வாரம் என்கிறது! போன் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, ஐ.எஸ்.ஓ. என்ற பன்னாட்டுத் தர அமைப்பின் முறையில் வாரம் திங்களில் தொடங்கும், ஆண்டின் முதல் வியாழன் விழும் வாரமே முதல் வாரம். அதனால் சில ஆண்டுகளுக்கு 53 வாரம். 2026-உம் அப்படித்தான்.

துல்லியம் வேண்டுமென்றால் 52.1775-ஆல் பெருக்குங்கள். எந்த 400 ஆண்டை எடுத்தாலும் மிச்சமே இல்லை, சரியாக 20,871 வாரம்.